லயத்து வீடு வரை பைபர்: மலையகத் தோட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் வீட்டுக்கும் கடைக்கும் பைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழைக் கேபிள் வழியே வரும் வேகமான இணையம், எடுக்கலாம். அங்கிருந்து தேயிலை மலைக்குள் பிரியும் தோட்டப் பாதையில் திரும்பினால், பல இடங்களில் கேபிள் பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் டிவிஷன்களில் (தோட்டப் பிரிவுகளில்) பிள்ளைகள் இன்னமும் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பாறை மேலும் தண்ணீர்த் தொட்டி மேலும் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளில் பலர் படிப்பையே முடித்துவிட்டார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகளுக்காவது இந்த நிலை மாற வேண்டும்.

மலையில் பைபர் இழுப்பதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை. பைபரில் செய்தி ஒளியாகப் போகிறது. தொலைபேசிப் பரிமாற்ற நிலையத்துப் பெட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் வரை அந்த ஒளி போகும். ஏற்றமும் இறக்கமும் அதற்கு ஒன்றுதான். வேலை நின்றுபோவது வேறு இரண்டு இடங்களில்: யாருடைய நிலத்தில் தூண் நடுவது என்ற கேள்வியிலும், உள்ளே எத்தனை வீடுகள் இணைப்பு எடுக்கும் என்று நிறுவனத்துக்குத் தெரியாததிலும். இரண்டையும் தோட்டத்து மக்களே முன்னின்று தீர்க்க முடியும். ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு கேபிள் வருவதற்கு முந்திய வேலைகளைப் பற்றியது.

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் கிராமங்களில் 2011இல் தொடங்கிய 'பார்ன்' என்ற சமூக நிறுவனத்தைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே கேபிள் போக இலவசமாக இடம் கொடுத்தார்கள், ஊர்க்காரர்களே குழி வெட்டினார்கள், வீட்டுக்கு வீடு ஒரு கிகாபிட் வேகம் வந்தது. அருமையான முயற்சி. ஆனால் அவர்களுக்கு நிலம் சொந்தமாக இருந்தது. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) நிலம் அரசுடையது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. மேலும், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எவரும் தொலைத்தொடர்பு முறைமை நடத்த முடியாது. ஒரு இணைப்பை எடுத்து லயம் முழுவதற்கும் வயர் இழுத்து மாதக் காசு வாங்கும் யோசனையை யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நமக்குள்ள வழி, உரிமம் பெற்ற நிறுவனம் மறுக்க முடியாத அளவுக்கு எல்லாவற்றையும் தயார் செய்து கொடுப்பதுதான்.

முதலில் ஆட்கள்

ஐந்தாறு பேர் கொண்ட குழு போதும். ஆனால் யார் யார் என்பது முக்கியம். தோட்டத்தில் எத்தனை தொழிற்சங்கங்கள் இருக்கின்றனவோ அத்தனையின் தலைவர்களும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். ஒரு சங்கத்தின் திட்டம் என்று பெயர் வந்துவிட்டால் மற்ற லயங்கள் ஒதுங்கிக்கொள்ளும், பட்டியல் பாதியாகிவிடும். மாதர் சங்கத்திலிருந்து ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர், தோட்டக் காரியாலயத்தில் வேலை செய்யும் உத்தியோகத்தர் ஒருவர், போனில் வரைபடம் பார்க்கத் தெரிந்த இளையவர்கள் இருவர் இருந்தால் நல்லது. கூட்டத்தை, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் வேலை நேரத்தில் வைக்காமல், மாலையில் கோயிலடியிலோ பிள்ளைக் காம்பராவிலோ வையுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் வந்து சேரும் நேரமாக இருக்கட்டும். வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு டேட்டா கார்ட் வாங்கிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

வீட்டுப் பட்டியல்

எல்லா வேலைகளுக்கும் அத்திவாரம் இதுதான், இதில் அவசரம் வேண்டாம். ஒரு கொப்பியில் வீட்டுக்கு ஒரு வரி: குடும்பத் தலைவரின் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம், பாடசாலை போகும் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது மாதம் டேட்டாவுக்கு எவ்வளவு செலவாகிறது, பைபர் வந்தால் மாதம் எவ்வளவு கட்ட முடியும், மின்சார மீட்டர் யார் பெயரில் இருக்கிறது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். இணைப்பு விண்ணப்பத்தோடு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். மீட்டர் தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோ தோட்டக் காரியாலயத்தின் கடிதமோ முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

முகவரி இன்னொரு சிக்கல். முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி, கடிதங்கள் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து பிரிக்கப்படும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. "மேற்பிரிவு, 7ஆம் லயம்" என்று எழுதினால் நிறுவனத்தின் கணினியில் அப்படி ஓர் இடம் இருக்காது. ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று, போன் வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை இலக்கங்கள் வரும். அவற்றைப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் நகரத்தில் இருக்கும்போதே தரவிறக்கிக்கொள்ள வேண்டும்.

பணம் பற்றி மனம் திறந்து கேளுங்கள். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. இணைப்புக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டு என்றால் பல வீடுகள் பின்வாங்கும். தவணையில் கட்ட விரும்புகிறவர்களுக்குத் தனி நிரல் போடுங்கள். பின்னர் நிறுவனத்தோடு பேசும்போது அது பயன்படும்.

கேபிள் எங்கே நிற்கிறது?

பிரதான வீதியில் நடந்து பாருங்கள். தூண்களில் கறுப்பாக, சிறு குடம் போலத் தொங்குவது இணைப்புக் கூடு. கையகலப் பெட்டியிலிருந்து மெல்லிய வயர்கள் பல திசைக்கும் பிரிந்து போனால் அது வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இரண்டையும் படம் எடுத்து, தூண் இலக்கத்தோடும் இருப்பிட இலக்கத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். தொடவோ திறக்கவோ கூடாது.

பிறகு தோட்டத்துக்குள் ஏற்கனவே பைபர் எட்டியிருக்கும் இடம் உண்டா என்று விசாரியுங்கள். தேயிலைத் தொழிற்சாலை, வைத்தியசாலை, பாடசாலை, போன் கோபுரம் ஆகிய நான்கையும் கட்டாயம் பாருங்கள். தொழிற்சாலைக்குக் கேபிள் வந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வராவிட்டாலும், நிறைக் கணக்கு, சம்பளக் கணக்கு, ஏல விபரம் எல்லாம் கணினியில் நடக்கும் இந்தக் காலத்தில் தொழிற்சாலைக்கும் நல்ல இணைப்பு தேவை. நிர்வாகத்தை நம் பக்கம் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் கிடையாது.

அனுமதிகள்

முதலில் வரைபடத்தில் பாதையைக் கோடிட்டு, எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம் என்று நிறம் பிரியுங்கள். ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7, பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ5 போன்ற வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதற்கடுத்த வீதிகள் மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. தோட்டப் பாதை தோட்டத்துடையது. ரயில் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் ரயில்வே திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். நானுஓயா, கொட்டகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இது அடிக்கடி வரும். மின்கம்பத்தில் கேபிள் கட்டுவதானால் மின்சாரத் தரப்பின் அனுமதி. வீதி, ரயில், மின்கம்ப அனுமதிகளைப் பொதுவாக நிறுவனமே எடுக்கும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை நாம் எடுத்துக் கொடுத்தால் அவர்களின் வேலையில் மிகச் சிக்கலான பகுதி முடிந்துவிடும்.

துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போகும்போது வெறும் வாய்ப்பேச்சோடு போகாதீர்கள். எந்த மலை வழியாகக் கேபிள் போகும், எத்தனை தூண்கள், ஒரு தேயிலைச் செடியாவது பிடுங்க வேண்டிவருமா என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதையோரமாகவே தூண் நடுவதாக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். தூண் நடும் உரிமை மட்டுமே கேட்கப்படுகிறது, நிலத்தின் மீது வேறு உரிமை எதுவும் கோரப்படவில்லை என்று ஒரு வசனம் சேருங்கள். அந்த வசனம் இல்லாத கடிதத்தைக் கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். எப்படியும் முகாமையாளர் தலைமைக் காரியாலயத்தைக் கேட்டுத்தான் கையெழுத்து வைப்பார். கேட்க வேண்டிய கேள்விகளுக்கு விடை கடிதத்திலேயே இருந்தால் காலம் மிச்சமாகும்.

பிரதேச சபையை மறக்காதீர்கள். தோட்டங்களுக்குள் சபைகள் செலவு செய்வதற்கு நெடுங்காலம் சட்டத் தடை இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை விலகியது. உங்கள் வட்டார உறுப்பினர் "தோட்டத்துக்குள் நாங்கள் எதுவும் செய்ய முடியாது" என்று இன்னும் சொன்னால், அந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள். சபை கேபிள் இழுக்காது. ஆனால் தோட்டப் பாதையைக் கொங்கிரீட் போடும்போதோ தண்ணீர்க் குழாய் பதிக்கும்போதோ அதே குழியில் ஒரு வெற்றுக் குழாயையும் புதைத்துவிடச் சொல்லலாம். தனிவீடுகள் கட்டும் திட்டங்களிலும், மண்சரிவுக்குப் பின் புதிதாக அமைக்கப்படும் குடியிருப்புகளிலும் இதைக் கட்டாயம் கேளுங்கள். மண் திறந்திருக்கும்போது ஒரு குழாய் வைப்பதற்கு ஆகும் செலவு, பிறகு கொங்கிரீட்டை உடைத்து வைப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திடமோ தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ எழுத்தில் தகவல் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "எங்கள் பகுதி கிராமியத் தொடர்பாடல் திட்டம் எதிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா?" என்பது கேட்க வேண்டிய நல்ல கேள்வி.

நிறுவனத்தோடு பேசுவது

ஸ்ரீ லங்கா டெலிகொம், டயலொக் இரண்டும் வீட்டு பைபர் இணைப்புகள் தருகின்றன. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே கோப்பைக் கொடுங்கள். பட்டியல், வரைபடம், துரையின் சம்மதக் கடிதம், கேபிள் நிற்கும் தூணின் படம் ஆகியவை அதில் இருக்கட்டும். கிளைக் காரியாலயத்துக் கருமபீடத்தில் கொடுத்துவிட்டு வராமல், அந்தப் பிராந்தியத்தின் பொறியியலாளரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். பேச்சில் மூன்று விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: குறைந்தது எத்தனை விண்ணப்பம் சேர்ந்தால் வேலை தொடங்கும், இணைப்புக் கட்டணத்தைத் தவணையாக ஏற்பார்களா, பழுது ஏற்பட்டால் எத்தனை நாளில் வருவார்கள். மாதப் பெக்கேஜில் எத்தனை ஜிபி, அது முடிந்தால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும், வரியோடு சேர்த்துக் கட்டணம் எவ்வளவு என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் அவர்களே வந்து சொல்லட்டும்.

எல்லாம் செய்தும் பத்துப் பதினைந்து வீடுகள் மட்டுமுள்ள மேல் டிவிஷனுக்குக் கேபிள் வராமல் போகலாம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கிவிட்டது. விலை ஒரு குடும்பத்துக்குப் பாரம். பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ யாராவது உதவியாக எடுத்துக் கொடுத்தால், கேபிள் வரும்வரை பிள்ளைகளுக்கு அது போதும்.

ஒளிக் கணக்கு

இதைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். ஆனாலும் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், "உங்கள் தோட்டம் தூரம், வேலை செய்யாது" என்ற பதிலை அப்படியே நம்பித் திரும்ப வேண்டியிருக்காது. நிலையத்திலிருந்து புறப்படும் ஒளி வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அந்தக் குறைவை டெசிபெல்லில் அளப்பார்கள். ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பரவலாக உள்ள ஜிபொன் முறையின் வழக்கமான வகையில் மொத்தம் 28 டெசிபெல் வரை இழக்கலாம்.

நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டரில் ஒரு டிவிஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேபிளில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8 போகும். ஒளியை முதலில் நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 7.3, அடுத்து எட்டாகப் பிரிப்பதில் 10.5. இழைகளை உருக்கி இணைக்கும் பன்னிரண்டு ஒட்டுகளுக்கு 0.1 வீதம் 1.2. நான்கு செருகிகளுக்கு 0.5 வீதம் 2. கூட்டினால் 23.8, இன்னும் 4.2 கையில் இருக்கிறது. ஒரு இழையில் 32 வீடுகள், தாராளமாக வேலை செய்யும். கவனியுங்கள்: 8 கிலோமீட்டர் தூரம் தின்றது 2.8 மட்டும், பிரிப்பது தின்றதோ 17.8. 64 வீடுகளாகப் பிரித்தால் மேலும் 3.5 போய், மிச்சம் 0.7தான், ஓர் ஒட்டு பழுதானாலும் இணைப்பு விழும். ஆகவே தூரத்து டிவிஷனுக்கு 32க்கு மேல் பிரிக்க வேண்டாம் என்று கேளுங்கள். ஒரு இழையில் வரும் 2.5 கிகாபிட்டை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு 75 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும்.

இழுக்கும் பருவமும் பாதையும்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் தென்மேல் பருவமழை அடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் காய்வு. ஒக்டோபர், நவம்பரில் எங்குமே தூண் குழி வெட்டக் கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலை மாவட்டங்களைச் சிதைத்ததையும் அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாதையைத் தீர்மானிக்கும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அபாயச் சரிவுகளைச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். அரை கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை, 0.2 டெசிபெல் கூட ஆகாது.

சரிவில் புதைப்பதைவிடத் தூணில் கட்டுவது நல்லது. மண் அசைந்தால் புதைத்த கேபிள் இழுபட்டு அறும். தேயிலைக்குள் கான் வெட்டும் மண்வெட்டியும் அதற்கு எதிரி. 50 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் கிலோமீட்டருக்கு 20 தூண்கள். சில தூண்களில் கேபிளின் சில மீட்டரை வட்டமாகச் சுருட்டித் தொங்கவிட வேண்டும். தூண் சாய்ந்தால் அந்த மிச்சம்தான் காப்பாற்றும். இடைப்பருவத்தில் இடி மின்னல் அதிகம் என்பதால் உலோகமே இல்லாத கேபிளைக் கேளுங்கள். நிழல் மரங்களில் கட்ட அனுமதிக்காதீர்கள். காற்றுக்கு ஆடும், கிளை வெட்டும் நாளில் கேபிளும் போகும். தூணிலோ அருகிலுள்ள மரத்திலோ குளவிக்கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துச் சொல்வது நம் பொறுப்பு. அந்த மலையை அறிந்தவர்கள் நாம்தான்.

ஒட்டு வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தொழில்நுட்பவியலாளர் நிற உறைகளில் நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு என்ற ஒழுங்கில் ஒன்றை எடுப்பார். உறையை உரித்தால் உள்ளே 0.125 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி இழை. அதை மதுசாரத்தால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இயந்திரத்தில் இரு முனைகளையும் எதிரெதிராக வைப்பார். சிறு திரையில் இரண்டும் நெருங்கி, ஒரு மின்பொறியில் உருகி ஒன்றாகும். நுவரெலியா மூடுபனியில் இதைத் திறந்த வெளியில் செய்தால் ஈரம் படும். ஒரு கூடாரமாவது பெரிய குடையாவது பிடித்துக் கொடுங்கள். வெட்டி விழும் கண்ணாடித் துணுக்குகளை ஒட்டுநாடாவில் சேர்த்தெடுக்க வேண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருக்கும் இடம் அது.

வீட்டுக்குள்

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் தாழ்ந்து சரிய வேண்டும். வயர் துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் வயர் வழியே வீட்டுக்குள் வரும். வயர் வந்து சேரும் வைஃபை பெட்டியை விறகு அடுப்புள்ள காம்பராவில் வைக்க வேண்டாம், புகைக்கரி அதைக் கெடுக்கும். தகரக் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழேயும் வேண்டாம். பழைய லயங்களின் கருங்கல் சுவர் வைஃபையை நன்றாக மறிக்கும். ஆகவே பிள்ளை படிக்கும் காம்பராவிலேயே பெட்டி இருக்கட்டும்.

பொருத்தியவர் போகுமுன் வந்து சேரும் ஒளியின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது மறை எண்ணாக இருக்கும். மறை 15க்கும் மறை 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மறை 27ஐத் தாண்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், எங்கோ ஒட்டு சரியில்லை அல்லது செருகியில் அழுக்கு இருக்கிறது. மின்சாரம் போனால் பெட்டியும் அணைந்துவிடும். 12 வோல்ட் சிறிய பற்றரிப் பெட்டி ஒன்று வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். புயல் இரவில் எச்சரிக்கைச் செய்தி வந்து சேர அது வழி செய்யும்.

வந்த பிறகு

ஒவ்வொரு வீட்டின் இணைப்பு இலக்கம், ஒளி அளவு, எந்தத் தூணின் பெட்டியிலிருந்து வருகிறது என்பதெல்லாம் குழுவின் கொப்பியில் இருக்கட்டும். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கினால் ஒளி வரவில்லை என்று பொருள். ஒரு வீட்டில் மட்டும் மினுங்கினால் அந்த வீட்டு வயர். எட்டு வீடுகளில் ஒன்றாக மினுங்கினால் தூண் பெட்டி. டிவிஷன் முழுவதும் என்றால் பிரதான கேபிள். இந்த விபரத்தோடு ஒருவர் மட்டும் முறையிட்டால், ஐம்பது பேர் தனித்தனியே எடுக்கும் அழைப்பைவிட விரைவில் ஆள் வரும். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்) தொடங்கும் முன் எந்த மலையில் கேபிள் தாழ்வாகப் போகிறது என்று கங்காணியிடம் சொல்லி வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை சிவப்பில் இருக்கும்வரை கேபிள் பார்க்க எவரும் மேலே போகக் கூடாது, நிறுவனத்தின் ஆட்களையும் போக விடாதீர்கள்.

கேபிளில் 12 இழைகள் இருந்து உங்கள் டிவிஷனுக்கு இரண்டோ மூன்றோ போதுமென்றால், மற்றவற்றை உள்ளே சுருட்டி மூடிவிடாமல் கடைசித் தூண் வரை கொண்டுவந்து கூட்டில் அடையாளமிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த டிவிஷனின் குழு கோப்போடு வரும்போது, அவர்கள் அந்தத் தூணிலிருந்தே தொடங்கலாம்.